அக்கோசோம்போ: நிக்ரூமா ஏமாந்தாரா?

வணக்கம் ஐயா,

கானா விடுதலையைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வோல்ட்டா ஆற்றில் அக்கோசோம்போ அணை கட்ட அமெரிக்கா கடன் கொடுத்ததை அந்த நாட்டின் முதல் தலைவர் நிக்ரூமாவின் வெற்றி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அணையைத் திறந்த அடுத்த மாதமே அவர் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. நேற்றுப் பிறந்த சின்ன நாடு வல்லரசிடம் போய் நின்றால் தூண்டிலில் மாட்டுவதைத் தவிர வேறென்ன நடக்கும்? அவர் ஏமாந்தார் என்பதுதானே உண்மை?

எஸ். கே., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ். கே.,

ஏமாந்தார் என்றால் விவரம் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டார் என்று ஆகிவிடும். நிக்ரூமா 1935 முதல் 1945 வரை அமெரிக்காவில் இருந்தவர். பென்சில்வேனியாவில் படித்துக்கொண்டே ஹார்லெம் தெருக்களில் மீன் விற்றிருக்கிறார், சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார். அந்த நாடு எப்படிப்பட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய நிதியமைச்சர் கெபெடெமாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. விழாவுக்கு அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன் வந்தார். கெபெடெமா வீட்டில் சாப்பிடவும் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் கெபெடெமா அமெரிக்கா போனார். டெலவேர் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில், சாலையோர ஓட்டல் ஒன்றில் இரண்டு ஆரஞ்சு ஜூஸ் கேட்டார். காசை வாங்கிக்கொண்டு, வெளியே எடுத்துப் போய்க் குடியுங்கள், கறுப்பர்கள் உள்ளே உட்காரக்கூடாது என்றார்கள். தான் இன்னார் என்று அடையாள அட்டையை எடுத்துக் காட்டியும் பலிக்கவில்லை. ஜூஸையும் மீதிச் சில்லறையையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தவர், நிக்சன் என் வீட்டில் சாப்பிடலாம், எனக்கு இங்கே இந்த மரியாதையா என்று பத்திரிகைகளிடம் கேட்டார்.

கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க, அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்கூட வாசலில் ராணுவம் நின்றிருந்த நேரம் அது. ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் வேறு அப்போதுதான் மேலே போயிருந்தது. பதறிப்போன அதிபர் ஐசனோவர் கெபெடெமாவை வெள்ளை மாளிகைக்குக் காலை உணவுக்கே அழைத்துவிட்டார். அமைச்சரும் சும்மா சாப்பிட்டுவிட்டு வரவில்லை. வோல்ட்டா அணைத் திட்டத்தைப் பேச்சில் எடுத்தார். பிரிட்டன் கைவிட்டிருந்த திட்டம் அது. பிறகுதான் கைசர் என்ற அமெரிக்க அலுமினியக் கம்பெனி உள்ளே வந்தது. சின்ன நாட்டிடம் துருப்புச்சீட்டே இல்லை என்கிறீர்கள். பெரியவன் நாலு பேர் முன்னால் கூசிப்போவதே ஒரு சீட்டுதான். அதை எப்போது இறக்குவது என்பது கெபெடெமாவுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு சீட்டு எகிப்து. 1956இல் அஸ்வான் அணைக்குப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டு அமெரிக்கா பின்வாங்கியது. நாசர் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார், அணைக்கான பணத்தை ரஷ்யா கொடுத்தது. 1961 கோடையில் நிக்ரூமா ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, சீனா என்று ஒரு பெரிய சுற்றுப் போய்விட்டு வந்ததும் அப்போதைய அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் கோபம். தம்பி ராபர்ட், பணம் கொடுக்கவே கூடாது என்றார். ஆனால் அஸ்வான் கதை மறுபடி நடந்தால்? அந்தப் பயம்தான் ஜெயித்தது. நவம்பரில் எலிசபெத் ராணியைக் கானாவுக்கு அனுப்பிய பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லன், நான் ராணியையே பணயம் வைத்தேன், நீங்கள் பணத்தையாவது வையுங்கள் என்று கென்னடியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். டிசம்பரில் ஒப்புதல் வந்தது. இதுவரை நடந்ததை நான் வெற்றி என்றுதான் சொல்வேன்.

சரி, வில்லங்கம் எங்கே? ஒப்பந்தத்தில். கானாவின் டெமா துறைமுகத்தில் கைசரும் ரெனால்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து நடத்திய வால்கோ அலுமினிய ஆலைக்கு அணை மின்சாரத்தின் பெரும்பகுதி போனது. விலை யூனிட்டுக்குக் கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல், அதுவும் நீண்ட காலத்துக்கு மாறாமல். வரிச் சலுகை தனி. அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் கானாவிலேயே கிடைக்கிறது. ஆனால் அதைச் சுத்திகரித்துக் கிடைக்கும் அலுமினா, ஆலைக்குக் கப்பலில் வெளியிலிருந்து வந்தது. அணைக்காக ஊரை விட்டுப் போனவர்கள் சுமார் 80,000 பேர். உங்களுக்குக் கோபம் வருவதென்றால் இங்கே வரட்டும். வாஷிங்டனோடு பேசும்போது நிக்ரூமாவிடம் மாஸ்கோ என்ற மாற்று இருந்தது. கைசரோடு உட்கார்ந்தபோது அது உதவவில்லை. அந்த ஆலை மின்சாரம் வாங்கினால்தான் அணைக்கே கடன் கிடைக்கும் என்பது எதிரே இருந்தவர்களுக்கும் தெரியும்.

ஆட்சிக் கவிழ்ப்பை அணையோடு நேராக முடிச்சுப் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1966 ஜனவரியில் அணையைத் திறந்துவைத்தார். பிப்ரவரி 24 அன்று, ஹனோய் போகும் வழியில் சீனாவில் இருந்தபோது ராணுவமும் போலீசும் ஆட்சியைப் பிடித்தன. கானாவில் ஆட்சி கவிழலாம் என்று 1965லேயே வெள்ளை மாளிகையின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருந்த ராபர்ட் கோமர் குறிப்பெழுதியிருக்கிறார். கவிழ்ந்த பிறகு, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்ற தொனியில் அதிபர் ஜான்சனுக்கு இன்னொரு குறிப்பும் எழுதினார். முன்பே தெரியும், சந்தோஷப்பட்டார்கள். இவ்வளவுக்கு ஆவணம் இருக்கிறது. நடத்தியதே அவர்கள்தானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. உள்நாட்டிலும் அவர்மேல் வெறுப்பு சேர்ந்திருந்தது: விசாரணையின்றிச் சிறை, 1964 முதல் ஒரே கட்சி ஆட்சி, கோகோ விலைச் சரிவு. கெபெடெமாவே 1961இல் அவரோடு முறித்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஒன்று. நிக்ரூமாவைக் கவிழ்த்த ராணுவம் வால்கோ ஒப்பந்தத்தைக் கவிழ்க்கவில்லை. அடுத்தடுத்து வந்த அரசுகளும் ஏறக்குறைய அதே அடிமாட்டு விலைக்கு மின்சாரம் விற்றன. எண்பதுகளின் வறட்சியில் அணையின் ஏரி வற்றி ஆலையே நின்ற பிறகு, 1985இல்தான் ராணுவ ஆட்சியாளர் ரோலிங்ஸின் அரசு பேசிப் பேசி விலையைப் பல மடங்கு ஏற்றியது.