இரவல் கொடி

அன்புள்ள ஐயா,

வணக்கம். இருபது வருடமாக பேர்ணில் இருக்கிறேன். சென்ற வாரக் கட்டுரையில் 'ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித உரிமை நீதிமன்றம்' என்று எழுதியிருந்தீர்கள். சுவிஸ் ஒன்றியத்தில் இல்லையே? ஆனால் என் அக்கா மகனின் அகதி வழக்கை அங்கே கொண்டுபோகலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அங்கேயும் ஒன்றியத்தின் அதே நீலக் கொடிதான் பறக்கிறது. ஐரோப்பா ஒன்றாகிக்கொண்டிருக்கிறதா, இல்லை ஆளுக்கொரு கடை விரித்திருக்கிறார்களா?

எஸ்., பேர்ண்

அன்புள்ள எஸ்.,

தப்பு என்னுடையது. கட்டுரையில் திருத்திவிட்டேன். அந்த நீதிமன்றம் ஐரோப்பா கவுன்சிலுடையது. ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது.

பெயர்களும் ஆளைக் கவிழ்க்கக்கூடியவைதான். ஐரோப்பா கவுன்சில் என்பது 46 நாடுகளின் அமைப்பு. ஐரோப்பிய கவுன்சில் என்பது ஒன்றியத்தின் 27 நாட்டுத் தலைவர்கள் கூடும் சபை. அப்புறம் அமைச்சர்கள் கூடுவதற்கு ஒன்றியத்தின் கவுன்சில் என்று இன்னொன்று. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன, நானும் அந்தக் குழியில்தான் விழுந்தேன்.

இரண்டு கடைகள் வந்ததற்குக் காரணம் ஒரு பழைய சண்டை. 1949 மே 5 அன்று லண்டனில் பத்து நாடுகள் கையெழுத்திட்டு ஐரோப்பா கவுன்சிலை உண்டாக்கின. உறுப்பு நாடுகளுக்குள் இன்னும் நெருங்கிய ஒற்றுமை என்பதுதான் நோக்கம் என்று அதன் சட்டத்திலேயே இருக்கிறது. எவ்வளவு நெருக்கம் என்பதில்தான் தகராறு. அதிகாரமுள்ள ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்றது பிரான்சும் பெல்ஜியமும். அமைச்சர்கள் கூடிப் பேசினால் போதும் என்றது பிரிட்டன். முடிவு பிரிட்டன் பக்கமே சாய்ந்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூடிய கவுன்சிலின் சபைக்கு ஆலோசனை சொல்ல மட்டும் உரிமை. அதன் முதல் தலைவரான பெல்ஜியத்தின் பால்-ஹென்றி ஸ்பாக் இரண்டு வருடம் முட்டிப் பார்த்துவிட்டு 1951 டிசம்பரில் ராஜினாமா செய்தார்.

அதற்குள் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆறும் நிலக்கரியையும் எஃகையும் வைத்துத் தனிக்குடித்தனம் போய்விட்டன. அதுதான் பின்னால் ஒன்றியமாக வளர்ந்தது. ஆனால் கூடிப் பேசச் சொந்தமாக ஒரு மண்டபம் இல்லை. 1952 செப்டம்பரில் அவர்களுடைய சபை முதன்முதலாகக் கூடியது ஐரோப்பா கவுன்சிலின் கட்டடத்தில். தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஸ்பாக்தான்.

அந்த மாதமே இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஆறு நாடுகளுக்கும் பொதுவான ஓர் அரசியல் சமூகத்துக்குச் சட்டம் எழுதச் சொன்னார்கள். 1953 மார்ச்சில் வரைவு தயார். இரண்டு அவைகள், ஒன்றுக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுவார்கள், மேலே ஒரு நிர்வாகக் குழு. ஐரோப்பிய ஒற்றுமைக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த காகிதம் இதுதான், ஒருநாள்கூட நடைமுறைக்கு வராமல் போனது என்பதாலேயே. 1954 ஆகஸ்ட் 30 அன்று ஐரோப்பியப் பொது ராணுவ ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒதுக்கித் தள்ளியது. அதை நம்பியே எழுதிய இந்த வரைவும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இனி கொடி. அதுவும் மண்டபம் மாதிரி இரவல்தான். 1950களில் ஐரோப்பா கவுன்சில் தனக்கொரு கொடி தேடியபோது, நாட்டுக்கு ஒன்றாக 15 நட்சத்திரம் என்று யோசனை வந்தது. ஜெர்மனி மறுத்தது. அந்தப் பதினைந்தில் ஒன்று சார் (நம்ம சார் இல்லை, நிலக்கரி தோண்டும் ஜெர்மன் எல்லைப் பகுதி). போருக்குப் பிறகு அது பிரான்சின் பிடியில் தனி உறுப்பினராக உட்கார்ந்திருந்தது. அதற்கொரு நட்சத்திரம் கொடுத்தால் தனி நாடு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 14 என்றால் சார்காரர்களுக்குக் கோபம். 13 ராசியில்லாத எண். கடைசியில் யாரையும் குறிக்காத 12 என்று முடிவாகி, 1955 டிசம்பரில் ஏற்றுக்கொண்டார்கள். முப்பது வருடம் கழித்துத்தான் ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் அதே கொடியை வாங்கிக்கொண்டது. 1986 மே மாதம் பிரஸ்ஸல்ஸில் அதை ஏற்றியபோது சமூகத்தில் இருந்த நாடுகளும் தற்செயலாகப் பன்னிரண்டு. நாட்டுக்கொரு நட்சத்திரம் என்று இன்றும் பலர் சத்தியம் செய்வது அதனால்தான். பீத்தோவனின் கீதமும் இதே வழியாகத்தான் ஒன்றியத்துக்குப் போனது.

மண்டபம், கொடி, பாட்டு எல்லாம் கொடுக்கல் வாங்கலாக நடந்தது. சட்டம் என்று வந்ததும் நின்றுவிட்டது. 2009-இல் நடைமுறைக்கு வந்த ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தம், ஐரோப்பா கவுன்சிலின் மனித உரிமை உடன்படிக்கையில் (ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் தீர்ப்பளிப்பது இதை வைத்துத்தான்) ஒன்றியமும் சேரவேண்டும் என்கிறது. சேர்ந்துவிட்டால் ஒன்றியத்தின் செயல்களையும் ஸ்ட்ராஸ்பூர்க் விசாரிக்கலாம். 2013-இல் வரைவும் தயாரானது. 2014 டிசம்பர் 18 அன்று லக்சம்பர்க் நீதிமன்றம், இது ஒன்றியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. காரணங்கள் சட்ட மொழியில் நீளமாக இருக்கின்றன. எனக்கென்னவோ தனக்கு மேலே இன்னொரு நீதிமன்றமா என்ற சங்கடமே அதில் அதிகம் தெரிகிறது. மறுபடி பேச உட்கார்ந்து, 2023 மார்ச்சில் வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கை தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்துவந்தார்கள். அந்த ஒன்றை ஒன்றியமே தனக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அப்போது விட்டுவைத்தார்கள்.

சுவிஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நாடு 1963-லேயே ஐரோப்பா கவுன்சிலில் சேர்ந்துவிட்டது. உடன்படிக்கையில் மட்டும் கையெழுத்துப் போட முடியவில்லை, பெண்களுக்கு ஓட்டு இல்லையே! அதற்கொரு விதிவிலக்குக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அரசு யோசித்தது. 1969 மார்ச் 1 அன்று ஆயிரக்கணக்கான பெண்கள் பேர்ணில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் கூடி விசில் ஊதி எதிர்ப்புக் காட்டினார்கள். 1971-இல் ஓட்டு கிடைத்தது. 1974-இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. நீங்கள் அடிக்கடி கடந்துபோகும் சதுக்கமாகத்தான் இருக்கும்.

ஆக, உங்கள் வழக்கறிஞர் சொன்னது சரி. 2013-இல் சுவிஸ் திருப்பி அனுப்பிய தமிழர் ஒருவர் இலங்கையில் இறங்கியதும் பிடிபட்டு, தடுப்பில் கொடுமைப்படுத்தப்பட்டார். சித்திரவதைக்கு எதிரான 3ஆம் பிரிவை சுவிஸ் மீறிவிட்டது என்று 2017 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒருமுறை கேட்டுவையுங்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் ஒன்று உறுதியாகத் தெரியும். சுவிஸில் கடைசித் தீர்ப்பு வந்ததிலிருந்து நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும். முன்பு ஆறு மாதம் இருந்தது, 2022 பிப்ரவரியில் குறைத்துவிட்டார்கள். பழைய கணக்கையே நம்பி இருந்துவிடாதீர்கள். படிவத்தை ஜெர்மனிலேயே நிரப்பலாம், தபாலில் அனுப்பவேண்டும், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அதற்குள் திருப்பி அனுப்பும் தேதி குறித்துவிட்டால், இடைக்காலத் தடை கேட்டுத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.