மேகக்கடலுக்கு ஒரு மூடி

அன்புள்ள ஐயா,

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். முதல் நாள் விடியுமுன் வண்டி பிடித்து பிரிஞ்சாங் மலை உச்சிக்கு ஏறினோம். கண்ணுக்கு எட்டியவரை கீழே வெள்ளைக் கடல், நடுவே முகடுகள் தீவுகளாக நின்றன. "2013இல நம்ம ஊருல வந்த புகைமூட்டம் மாதிரி இருக்கே" என்றார் என் மாமியார். ஆசை விடவில்லை, மறுநாளும் ஏறினோம். அன்று பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகம்கூடத் தெரியவில்லை. ஒரே இடம், ஒரே நேரம். ஏன் இப்படி? அடுத்த முறை எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு நாளும் நீங்கள் பார்த்தது மேகத்தைத்தான். முதல் நாள் அதற்கு மேலே நின்றீர்கள், மறுநாள் அதற்குள் நின்றீர்கள். மேகக்கடல் என்று தனியாக ஒரு மேக வகை கிடையாது. உச்சியில் நிற்பவருக்குக் கடலாகத் தெரியும் அதே மேகம், பள்ளத்தாக்கில் கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு மூடுபனி.

அது மேலே ஏறாமல் பள்ளத்தாக்கோடு நிற்க ஒரு மூடி வேண்டும். வழக்கமாக உயரம் போகப் போகக் குளிரும், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி. கீழே ஈப்போ நகரில் வியர்க்கும்போது கேமரன் மலைமேல் தானா ராத்தாவில் ஸ்வெட்டர் தேடுகிறோமே, அதனால்தான். சில இரவுகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வானம் தெளிந்திருந்தால் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும். மேகம் இருந்தால் அது போர்வை போல மூடி, சூட்டைப் போகவிடாது. மலைச்சரிவு குளிர, அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று மழைத்தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் பள்ளம் கடுங்குளிராகவும் அதற்கு மேலுள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். வெப்பத் தலைகீழ்மாற்றம் என்பது இதைத்தான். அந்த வெதுவெதுப்பான அடுக்குதான் மூடி. கனத்த காற்றால் அதைத் தாண்டி மேலே வர முடியாது. முந்தின நாள் மழை மண்ணிலும் ஓடையிலும் தேயிலைச் செடியிலும் விட்டுப்போன ஈரம் உள்ளேயே சிக்கி, குளிர்ந்து, நுண்துளிகளாகிறது.

எனக்கு மிகப் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பது. மூடுபனி உருவானதும் அதன் மேற்பரப்பே தரையின் வேலையை எடுத்துக்கொள்கிறது. அதுவும் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர, மூடி இன்னும் இறுகுகிறது. அதனால்தான் மேல்பக்கம் அப்படித் தட்டையாக இருக்கிறது. கடல் என்ற பெயரும் முழுக்கப் பொருந்துகிறது. கீழே கனமானது, மேலே லேசானது என்பதால் இடையில் உண்மையிலேயே அலை ஓடும், மிக மெதுவாக. கைப்பேசியை அசையாமல் வைத்துப் படம்பிடித்து வேகமாக ஓட்டிப் பாருங்கள், முகடுகளில் மோதித் திரும்புவது தெரியும்.

மறுநாள் மூடி இல்லை. முந்தின இரவு மேகம் போர்த்தியிருக்கலாம், காற்றும் அடித்திருக்கலாம். காற்று பலமானால் குளிர்ந்த அடுக்கும் வெதுவெதுப்பான அடுக்கும் கலந்துவிடும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வேறு. அது ஈரக்காற்றைச் சரிவில் மேலே தள்ளும், ஏற ஏற அது குளிர்ந்து உச்சியிலேயே மேகமாகும். 2,031 மீட்டர் உயரத்தில் நீங்கள் சரியாக அதற்குள் நின்றிருக்கிறீர்கள்.

எல்லா மேகக்கடலும் இரவுக் குளிரால் வருவதில்லை. ஸ்பெயினின் தெய்தே மலையில் உயர் அழுத்தக் காற்று மேலிருந்து இறங்கும்போது அமுங்கிச் சூடாகி மூடி போடுகிறது. அதனால் அங்கே பகலிலும் மேகக்கடல் கிடக்கும்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் ஒதுக்க மாட்டேன். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஆபத்தான அளவான 401ஐத் தொட்டது. அது சுமத்ராவிலிருந்து காற்றோடு வந்த புகை. வெயில் ஏறினால் மேகத்துளி ஆவியாகும், புகைத்துகள் ஆகாது. ஆனால் மூடிக்கும் புகைக்கும் உறவு உண்டு. 1952 டிசம்பரில் லண்டனில் இதே போன்ற மூடிக்கு அடியில் நிலக்கரிப் புகை சிக்கி, ஐந்து நாளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

சிங்கப்பூரில் மேகக்கடலைப் பார்க்க வழியில்லை. புக்கிட் தீமாவே சுமார் 164 மீட்டர்தான், இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மழைக்கு மறுநாள் விடியலில் லிம் சூ காங் பக்கம் புல்லை ஒட்டி மெல்லிய மூடுபனி நிற்பதுண்டு, அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? என் அத்தை கேமரன் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர். மாலை மழை விட்டதும் பின்வாசலில் நின்று மேலே பார்ப்பார். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, கொடியில் கிடக்கும் துணியும் ஆடாமல் இருந்தால், "நாளைக்குக் காலையில கீழ ஒண்ணும் தெரியாது" என்பார். நான் அங்கே தங்கிய நாள்களில் அவர் கணிப்பு பெரும்பாலும் பலித்தது. நீங்களும் இரவு பத்து மணிக்கு வெளியே வந்து இந்த இரண்டையும் பாருங்கள். பிறகு வண்டிக்குச் சொல்லலாம். மேலே போனதும், சூரியன் வந்துவிட்டதே என்று உடனே இறங்கிவிடாதீர்கள். மேகம் மெல்லியதாக இருக்கும் ஓரங்கள்தான் முதலில் கரையும். சரிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும், கடைசியில் பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் மிஞ்சும். அது வரைக்கும் மாமியாரோடு நின்று பாருங்கள்.

அன்புடன்