செத்த பாம்பின் கணக்கு

அன்புள்ள ஐயா,

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஆறு பேர், ஞாயிறு காலைகளில் கெடிலக்கரையிலும் காலிமனைகளிலும் ஊர்வனவற்றைக் கணக்கெடுத்துவருகிறோம். பார்த்ததைப் படமெடுத்து, இடமும் நேரமும் குறித்துவைக்கிறோம். வண்டியில் அரைபட்டும் ஆட்கள் அடித்தும் செத்தவற்றை மட்டும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் பட்டியல் சுடுகாட்டுக் கணக்குபோல ஆகிவிடுகிறது. தெருவில் எங்களைப் ‘பாம்பாட்டிகள்’ என்கிறார்கள். பாம்பு பிடிக்கக் கற்றுக்கொண்டாலாவது மதிப்பார்களா?

கடலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கேலி செய்பவர்கள் செய்துகொண்டிருக்கட்டும். பாம்பு பிடிக்கும் ஆசையை இன்றே விட்டுவிடுங்கள். கணக்கெடுப்பவருக்குக் கண்ணும் குறிப்பேடும் போதும், அனுமதியின்றிப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

என்னை உறுத்தியது, செத்தவற்றைச் சேர்ப்பதில்லை என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அந்த வரிதான். அழகான பட்டியலை உங்களிடம் யார் கேட்டார்கள்? ஓணானையும் அரணையும் வெயிலில் யாரும் பார்த்துவிடலாம். இரவில் இரைதேடும் கட்டுவிரியனை ஞாயிறு காலையில் போகும் ஆறு பேர் எங்கே பார்ப்பது? அது உங்கள் பகுதியில் இருக்கிறது என்பதற்கு, விடியற்காலைச் சாலையில் நசுங்கிக் கிடக்கும் உடல்தான் பல நேரங்களில் சாட்சி.

2015 நவம்பர் வெள்ளம் எங்கள் கூடத்திலிருந்து வடிந்த மறுநாள், மர அலமாரிக்கு அடியிலிருந்து முழ நீளப் பாம்பு ஒன்று வெளியே வந்தது. கரும்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகளைக் கண்டதும் அம்மா “கட்டுவிரியன்” என்று அலறினார், நான்தான் அடித்தேன். விலங்கியல் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் வந்து, குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்தாள். “பட்டை கழுத்துப் பக்கம் அழுத்தமாக இருந்து வாலுக்குப் போகப்போக மங்குகிறது, மாமா. கட்டுவிரியனுக்கு இது தலைகீழ். இது வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லை” என்றாள். பல்லியைத் தேடி வீட்டுக்குள் வரும் அந்த அப்பாவியின் பெயரை, அதைக் கொன்ற பிறகுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். அவள் தன் நோட்டில் தேதி, இடம், பெயர் எல்லாம் எழுதி, கடைசியில் ‘அடித்தவர்: மாமா’ என்றும் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை.

அந்த நோட்டைப்போல ஒன்றை நீங்களும் போடுங்கள். அடித்தவர் என்ன பெயர் சொன்னார் என்று ஒரு கட்டத்திலும், உண்மையில் அது என்ன என்று அடுத்த கட்டத்திலும் எழுதுங்கள். அரணை கடித்தால் மரணம் என்று நம்பும் ஊரில், கொம்பேறிமூக்கன் தான் கடித்தவனின் சிதைப்புகையை மரத்தின்மேலிருந்து பார்க்கும் என்று கதை சொல்லும் ஊரில், இரண்டு கட்டங்களும் எத்தனை முறை ஒத்துப்போகின்றன என்பதை நான் பார்க்கவேண்டும். விடியலில் சாலை கூட்டும் தூய்மைப் பணியாளர்களிடமும் கேளுங்கள். நீங்கள் எழுந்திருப்பதற்குள் அவர்கள் அள்ளிப்போட்டுவிடுகிறார்கள். செத்த பாம்பாயிற்றே என்று கையால் மட்டும் தொடாதீர்கள், வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும்.

பழைய குறிப்புகளில் விட்டுப்போனவற்றை நினைவிலிருந்து இட்டு நிரப்பவேண்டாம். வரும் ஞாயிறு முதல் எழுதினால் போதும். மழைக்காலம் முடிந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.