லாரி டிரைவரின் ஓய்வு நேரமும் ஐரோப்பாவின் கையெழுத்தும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துடனான வர்த்தக ஒப்பந்தம் பற்றி எங்கள் ஊரில் டீக்கடை வரை பேசுவார்கள். சமீபத்தில் ஒரு பழைய செய்தி கண்ணில் பட்டது. 2016ல் கனடாவுடன் ஐரோப்பா செய்யவிருந்த ஒப்பந்தத்தை, பெல்ஜியத்தில் உள்ள வலோனியா என்ற ஒரு மாகாணம் மட்டும் நிறுத்தி வைத்ததாம். இது எனக்குப் புரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் என்பது ஒரு அரசா, இல்லை நாடுகளின் சங்கமா? அதன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? நாளை நம்முடைய ஒப்பந்தமும் இப்படி எங்காவது ஒரு மாகாணத்தில் மாட்டிக்கொள்ளுமா?

ஆர்.எஸ்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.எஸ்.,

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் வர்த்தக ஒப்பந்தமாக இருந்தால் மாட்டாது. ஏன் மாட்டாது என்பதில்தான் கதை இருக்கிறது. அந்தக் கதை தொடங்குவது லாரி டிரைவர்கள் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டலாம் என்ற ஒரு சில்லறைத் தகராறில்.

1957ல் ரோமில் ஆறு நாடுகள், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கின. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். ஆறுக்கும் சேர்த்து ஒரே சுங்க வரி என்பது ஏற்பாடு. அப்படியானால் வெளிநாடுகளோடு வரி பற்றிப் பேசுவதையும் ஒரே ஆளிடம்தான் விட வேண்டும். அதனால் வணிகக் கொள்கையில் சமூகமே ஒப்பந்தம் செய்யலாம் என்று 113ஆவது பிரிவில் எழுதினார்கள். மற்ற விஷயங்களில் என்ன செய்வது? அநேகமாக மௌனம். போக்குவரத்துக்கு என்று தனி அத்தியாயமே இருந்தது. ஆனால் போக்குவரத்து பற்றி வெளிநாடுகளோடு யார் ஒப்பந்தம் போடுவது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

இதற்கிடையில் 1962ல் ஜெனீவாவில், சர்வதேச லாரிப் பணியாளர்களின் வேலை நேரம், ஓய்வு நேரம் பற்றி ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறில் ஐந்து நாடுகள் அதில் கையெழுத்துப் போட்டன. போதுமான நாடுகள் உறுதிசெய்யாததால் அது அமலுக்கே வரவில்லை. 1967ல் அதைத் திருத்த மீண்டும் உட்கார்ந்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 1969 மார்ச்சில், சமூகம் தன் எல்லைக்குள் அதே விஷயத்தில் சொந்தமாக ஒரு சட்டம் போட்டுவிட்டது. டிரைவருக்குக் குறைந்தபட்ச வயது, ஓட்டும் நேரம், ஓய்வு எல்லாம் அதில் உண்டு.

அடுத்த வருடம் மார்ச் 20ஆம் தேதி ஆறு நாட்டு அமைச்சர்களும் கவுன்சில் என்ற தங்கள் சபையில் கூடி, ஜெனீவாவில் நாம் ஆறு பேரும் தனித்தனி நாடுகளாகவே பேசுவோம், ஆனால் ஒரே மாதிரி பேசுவோம் என்று முடிவெடுத்தார்கள். சமூகத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்துக்குக் கோபம் வந்தது. உள்ளே பொதுச் சட்டம் வந்த பிறகு வெளியே தனித்தனியாகப் பேச இவர்கள் யார் என்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. கவுன்சில் மீது ஆணையம் போட்ட முதல் வழக்கு அதுதான். அது என்ன காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து வருடங்களுக்கு முன்புதான் பிரான்ஸ் அதிபர் டி கால், பிரஸ்ஸல்ஸ் கூட்டங்களுக்குத் தன் அமைச்சர்களை மாதக்கணக்கில் அனுப்பாமல் நாற்காலியைக் காலியாக வைத்து ஐரோப்பாவையே ஸ்தம்பிக்க வைத்திருந்தார். நாடுகளின் அதிகாரத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்று நீதிபதிகளுக்கு நன்றாகவே தெரியும்.

1971 மார்ச் 31ல் தீர்ப்பு வந்தது. ஆணையம் தோற்றது. பேச்சுவார்த்தை ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டது, இப்போது ஆளை மாற்றினால் எல்லாமே கெட்டுவிடும், நாடுகளும் சமூகத்தின் நலனுக்காகத்தான் பேசின, மனு தள்ளுபடி. ஆனால் அந்த முடிவுக்கு வரும் வழியில் நீதிமன்றம் சொன்ன ஒரு விஷயம் இருக்கிறதே, அதுதான் பெரிய சங்கதி. ஒரு துறையில் சமூகம் பொது விதிகளை வகுத்துவிட்டால், அந்த விதிகளைப் பாதிக்கும் எந்த வாக்குறுதியையும் உறுப்பு நாடுகள் வெளிநாட்டுக்குக் கொடுக்க முடியாது. தனித்தனியாகவும் முடியாது, எல்லோரும் சேர்ந்துகூட முடியாது. ரோம் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாக்கியம் எங்கும் இல்லை. வழக்கறிஞர்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள், நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகரே வேறு விதமாகத்தான் கருத்து சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தின் மொத்த அமைப்பிலிருந்து நீதிபதிகள் அதை எடுத்தார்கள்.

கவுன்சில் வழக்கில் ஜெயித்ததால் கூச்சலுக்கு இடமில்லை. தோற்றவருக்குக் கொள்கையையும் ஜெயித்தவருக்கு வழக்கையும் கொடுத்து அனுப்பும் இந்த வித்தையை நான் மிகவும் ரசிக்கிறேன். அரசியல்வாதிகள் கூடி ஐரோப்பாவுக்கு ஒரு வெளியுறவு அதிகாரம் கொடுக்கலாம் என்று ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் 1971ல் அது நிச்சயம் தோற்றிருக்கும். 38 வருடம் கழித்து, ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்தி 2009ல் அமலுக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் அந்த லாரித் தீர்ப்பின் சாரத்தைச் சட்டமாகவே எழுதிக்கொண்டார்கள்.

ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஐரோப்பிய ஒன்றியம் அரசு அல்ல, வெறும் சங்கமும் அல்ல. சில விஷயங்களில் அதன் கையெழுத்து மட்டுமே செல்லும், உறுப்பு நாட்டின் கையெழுத்துக்கு அங்கே இடமே கிடையாது. சுங்க வரி அப்படிப்பட்ட விஷயம். இந்தியாவிலிருந்து வரும் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது 1997ல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலைக்குச் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) போட்டார்கள் அல்லவா? அதை எதிர்த்து இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி 2001ல் ஜெயித்தது. எதிர்த்தரப்பில் நின்றது ஜெர்மனியோ பிரான்ஸோ அல்ல, ஐரோப்பிய சமூகம். இலங்கை உதாரணம் இன்னும் தெளிவு. மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று சொல்லி 2010 ஆகஸ்டில் இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை ஒன்றியம் நிறுத்தியது. 2017 மே மாதம் திரும்பக் கொடுத்தது. எந்த நாட்டு நாடாளுமன்றத்தையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதற்கு அடித்தளம் 1987லேயே லக்சம்பர்கில் வந்த ஒரு தீர்ப்பு: வளரும் நாடுகளுக்குக் கொடுக்கும் இந்தச் சலுகைத் திட்டம் வணிகக் கொள்கையைச் சேர்ந்ததே.

சரி, அப்படியென்றால் வலோனியா எங்கிருந்து வந்தது?

நாடுகள் சும்மா இருக்குமா? லாரித் தீர்ப்புக்கு முன்பே அவர்கள் கையில் ஒரு வழி இருந்தது, அதற்குப் பிறகு அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் முழுசாக வராத ஏதாவது ஒரு அம்சம் இருந்தால், ஒன்றியமும் எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது. இதற்குக் கலப்பு ஒப்பந்தம் என்று பெயர். பங்காளிகள் அத்தனை பேரும் வந்தால்தான் பூர்வீகச் சொத்து பத்திரம் ஆகும் என்பது போல. கிரீஸோடு 1961ல் போட்டதே இந்த வகைதான். பல சமயம் சட்டம் கேட்டதால் அல்ல, மேடையில் தங்கள் கொடியும் இருக்க வேண்டும் என்பதற்காகவே நாடுகள் இதைக் கேட்டன என்பது என் எண்ணம். உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது நீதிமன்றமே இதற்குக் கை கொடுத்தது. 1994ல், சரக்கு ஒன்றியத்துக்கு, சேவைகளிலும் அறிவுசார் சொத்துரிமையிலும் பெரும்பகுதி இருவருக்கும் பொது என்று பிரித்தது. 1971ல் அவ்வளவு தூரம் போன நீதிமன்றம் அங்கே ஓரடி பின்வாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கனடா ஒப்பந்தத்தில் சரக்கு, சேவை மட்டுமல்ல, முதலீட்டுப் பாதுகாப்பும் இருந்தது. ஒரு நாட்டின் சட்டத்தால் தன் முதலீடு பாதிக்கப்பட்டது என்று சொல்லி வெளிநாட்டு நிறுவனம் அந்த நாட்டின் மீதே தனித் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும் ஏற்பாடு அது. 2016 ஜூலையில், நாடுகளின் நெருக்கடிக்குப் பணிந்து, ஆணையம் இதைக் கலப்பு ஒப்பந்தமாகவே முன்வைத்தது. 28 நாடுகளும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கேதான் பெல்ஜியத்தின் சொந்த அரசமைப்பு குறுக்கே வருகிறது. 1993ல் நடந்த திருத்தத்தின்படி, மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயம் ஒப்பந்தத்தில் இருந்தால் அந்த மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் பெல்ஜிய அரசு கையெழுத்திட முடியாது. ஆகவே வலோனியாவுக்கு அந்தப் பிடியைக் கொடுத்தது ஐரோப்பியச் சட்டம் அல்ல, பெல்ஜியச் சட்டம். இதைப் பல செய்திகள் விட்டுவிடுகின்றன.

அப்புறம் நடந்தது ஒரு நாடகம். சுமார் 36 லட்சம் பேர் வாழும் வலோனியாவின் நாடாளுமன்றம் அக்டோபர் 14ல் வேண்டாம் என்று வாக்களித்தது. அதன் முதல்வர் பால் மன்யெத் ஐரோப்பிய ஒன்றியத்தை ஆராய்ந்த அரசியல் அறிவியல் பேராசிரியர். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார். கனடாவின் வர்த்தக அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட் பேச்சு முறிந்து தழுதழுத்த குரலில் வெளியேறினார். 27ஆம் தேதி நடக்கவிருந்த உச்சி மாநாடு நடக்கவில்லை. ஆனால் அதே நாளில் பெல்ஜியத்துக்குள் உடன்பாடு வந்து, 30ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தானது. வலோனியாவைப் பிடிவாதக்காரர்கள் என்று அன்று எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதலீட்டுத் தீர்ப்பாயம் பற்றி அவர்கள் எழுப்பிய சந்தேகம் உண்மையான சந்தேகம். அது ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருந்துமா என்று நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் பெற்ற நிபந்தனைகளில் ஒன்று. 2019 ஏப்ரலில், பொருந்தும் என்று பதில் வந்தது. கேட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதி 2017 செப்டம்பர் முதல் தற்காலிகமாக அமலில் இருக்கிறது, முதலீட்டுப் பாதுகாப்பு நீங்கலாக. 2020ல் சைப்ரஸ் நாடாளுமன்றம் இதை நிராகரித்தது. காரணம் ஹலூமி! தங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டியின் பெயருக்குப் பாதுகாப்பு இல்லையாம். 2024 மார்ச்சில் பிரான்ஸின் செனட் சபையும் எதிர்த்து வாக்களித்தது. அப்படியும் தற்காலிக அமல் நிற்கவில்லை. ஏனென்றால், உறுதிசெய்ய மாட்டோம் என்று ஒரு நாட்டின் அரசே முறையாகத் தெரிவிக்கும் வரை, நாடாளுமன்றத்தில் தோற்றது மட்டும் அதை முடித்துவைக்காது. தற்காலிகம் என்ற பெயரில் வருடக்கணக்கில் ஓடுவது நமக்குப் புதிதா என்ன?

உங்களுக்கு நேரடியாகத் தேவையானது இனிமேல்தான். வலோனியா விவகாரத்துக்கு முந்தைய வருடமே ஆணையம் சிங்கப்பூர் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தின் முன் வைத்து, இதில் எது எங்களுடையது, எது நாடுகளுடையது என்று கேட்டிருந்தது. 2017 மே 16ல் கருத்து வந்தது. சரக்கு, சேவை, அரசுக் கொள்முதல், அறிவுசார் சொத்துரிமை, தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல், எல்லாம் ஒன்றியத்துக்கே. வெளியே நின்றவை முக்கியமாக இரண்டு: பங்குச் சந்தை வழியாக வருவது போன்ற நேரடியல்லாத முதலீடு, முதலீட்டாளர் அரசின் மேல் தொடுக்கும் வழக்குகளுக்கான தீர்ப்பாயம்.

ஆணையம் உடனே பாடம் படித்துக்கொண்டது. சிங்கப்பூர் ஒப்பந்தத்தை இரண்டாக வெட்டியது. 2018 அக்டோபரில் இரண்டும் கையெழுத்தாயின. வர்த்தகப் பகுதி 2019 நவம்பரிலேயே அமலுக்கு வந்தது. முதலீட்டுப் பகுதி ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமாக ஏறி இறங்கப் போனது. ஜப்பானோடு முதலீட்டுப் பாதுகாப்பையே ஒதுக்கிவைத்துவிட்டு ஒப்பந்தம் முடித்தார்கள். உங்கள் போட்டியாளரான வியட்நாமோடும் இரண்டு ஒப்பந்தங்கள்தான். வர்த்தகப் பகுதி 2019 ஜூன் 30ல் கையெழுத்து, 2020 ஆகஸ்ட் 1ல் அமல். பதின்மூன்று மாதம். எந்த மாகாணமும் குறுக்கே வரவில்லை.

இந்தியாவோடு 2007ல் தொடங்கிய பேச்சு 2013ல் படுத்துவிட்டது. 2022ல் மறுபடி தொடங்கியபோது அது மூன்று தனிப் பேச்சுகளாகப் பிரிந்திருந்தது: வர்த்தகம், முதலீட்டுப் பாதுகாப்பு, புவிசார் குறியீடு. ஏன் மூன்று என்று அப்போது பலர் கேட்டார்கள். முதலீட்டைத் தனியே வைத்ததன் பின்னால் அந்த சிங்கப்பூர் கருத்து இருக்கிறது. முதலீட்டு ஒப்பந்தம் ஐந்து வருடம் இழுத்தாலும் பனியன் மீதான வரிக்கு அதனால் பாதகமில்லை.

வர்த்தக ஒப்பந்தம் மட்டும் என்றால் கவுன்சிலில் பொதுவாகத் தகுதிப் பெரும்பான்மை போதும்: 55 சதவீத நாடுகள், அவற்றில் ஒன்றியத்தின் 65 சதவீத மக்கள்தொகை. ஒரு நாடு தனியாக நிறுத்த முடியாது. ஆனால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலிச் சரக்குத் தடுப்பு ஒப்பந்தம் ஒன்றை 2012 ஜூலையில் அது 478 ஓட்டுகளால் தூக்கி எறிந்தது, ஆதரவாக விழுந்தது 39 ஓட்டு.

இன்னொன்று. கையெழுத்து விஷயத்தில் உங்கள் கவலை தீர்ந்தாலும், ஒப்பந்தத்தில் பூர்வீக விதிகள் (சரக்கு எந்த நாட்டுத் தயாரிப்பு என்று தீர்மானிப்பவை) என்று ஒரு பகுதி இருக்கும், அதை உங்கள் முதலாளியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். வியட்நாமுக்கு வரி குறைந்தது, ஆனால் துணியும் அங்கேயோ ஐரோப்பாவிலோ நெய்ததாக இருந்தால்தான் ஆடைக்குச் சலுகை. தென்கொரியத் துணிக்கு மட்டும் ஒரு விலக்கு. சீனத் துணியை வாங்கித் தைத்துக்கொண்டிருந்தவர்கள் திண்டாடினார்கள். துணியை ஊரிலேயே பின்னும் திருப்பூருக்கு இந்த மாதிரி விதி சாதகம், ஆனால் செயற்கை இழைத் துணியை வெளியிலிருந்து வாங்கும் யூனிட்டுகள் இப்போதே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அன்புடன்.