நண்பனின் காரும் நூறு மைக்ரான் பெயின்ட்டும்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய மசில் கார்களின், அதாவது பெரிய எஞ்சின் வைத்த அந்தக்கால அமெரிக்க கார்களின், பெயின்ட்டைப் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: நண்பனிடம் 1969 பான்டியாக் ஜிடிஓ இருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த அதே சிவப்புதான் என்கிறான். இப்போது வெளுத்துப்போய், தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. பளபளப்பைத் திரும்பக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ரோட்டரி பஃபிங் மெஷின், கம்பளி பேட், கடினமான காம்பவுண்ட் மூன்றும் வாங்கியாயிற்று. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: வாங்கிய மூன்றையும் பிரிக்காமல் வையுங்கள். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முதலில் உங்களுக்கு வேண்டியது ஒரு வெள்ளைத் துணி.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற, கண்ணாடி போலத் தெளிந்த நிறமற்ற பூச்சு இருக்கும். பாலிஷ் போடும்போது தேய்வது அதுதான். 1969-ல் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது அடித்தது அக்ரிலிக் லேக்கர். நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. அதில் தேய்த்தால் நிறமே போகும். டிக்கி ஓரம் மாதிரி மறைவான இடத்தில் கொஞ்சம் மென்மையான பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் ஒற்றைப் பூச்சு. சிவக்கவே இல்லையென்றால், பிற்காலத்தில் யாரோ கிளியர் கோட்டோடு மறுபடி அடித்திருக்கிறார்கள் என்று வையுங்கள்.

அடுத்தது பெயின்ட் கனம் அளக்கும் கருவி. இதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். தொழிற்சாலை பெயின்ட், பிரைமரையும் சேர்த்தே, பெரும்பாலும் நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான்தான் இருக்கும். பிரின்டரில் போடும் ஒரு தாளின் கனம் கிட்டத்தட்ட நூறு மைக்ரான். அதிலும் மேலே இருக்கும் நிறம் ஒரு பகுதிதான். 300-க்கு மேல் காட்டினால் மறுபடி பெயின்ட் அடித்த இடம். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கூடவே வரும் வெறும் இரும்புத் தகட்டில் வைத்துப் பூஜ்யம் பார்த்த பிறகே அளக்கவும். நான் முதலில் வாங்கிய மலிவுக் கருவி ஒரே இடத்தில் 90 என்றது, 140 என்றது. அதை நம்பி ஒரு கதவு முழுக்கத் தேய்த்துவிட்டேன். இன்னொன்று: 1968 முதல் ஜிடிஓ-வின் முன் பம்பர் எண்டுரா என்ற நெகிழும் பொருளில், காரின் நிறத்திலேயே வந்தது. அது உலோகம் இல்லாததால் அங்கே கருவி எதையும் காட்டாது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம் எண்ணெய். மாவாக உதிர்வது வெயிலில் காய்ந்து செத்த மேல்தோல். அதை உடனே வெட்டி எடுக்காமல் முதலில் ஊற வைக்க வேண்டும். மெகுவையர்ஸ் நம்பர் 7 போன்ற எண்ணெய்ப்பசை மிகுந்த, உரசும் தன்மை இல்லாத கிளேஸை டர்க்கி டவல் துண்டில் தாராளமாக எடுத்து, கையால் தேய்த்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துடைத்துவிட்டு இன்னொரு முறை. நிறம் கறுத்து ஆழமாவது கண்ணுக்கே தெரியும். அதற்குப் பிறகு மென்மையான ஃபோம் பேடும் மிக நுண்ணிய பாலிஷும் போதும். மெஷின் வேண்டுமென்றால், ஒரே இடத்தில் சுழலாமல் அசைந்துகொண்டே சுழலும் டூயல் ஆக்‌ஷன் வகை. கடைசியில் வேக்ஸ்.

பானெட்டின் மேடுகளுக்கும் கதவு விளிம்புகளுக்கும் மேஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினைத் தொடாதீர்கள். அங்கேதான் பெயின்ட் மிக மெல்லிசு. என் சொந்தக் காரின் பானெட் மேட்டில், நீங்கள் வாங்கியிருக்கும் அதே மாதிரி ரோட்டரியையும் கம்பளி பேடையும் ஓட்டினேன். மூன்றாவது ஓட்டத்தில் நீலத்துக்கு நடுவே விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்தது. அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. அது என் கார். நீங்கள் தொடப்போவது நண்பருடையது.

கேள்வி: லேக்கரில் மயிரிழை போல வெடிப்பு விட்டிருக்கிறது. எந்தப் பாலிஷ் வாங்கினால் போகும்?

பதில்: எதிலும் போகாது. வெடிப்பு பெயின்ட்டின் ஆழத்துக்குள் இறங்கியிருக்கிறது. எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் 1968 கமரோவுக்கு முழு பெயின்ட் அடித்துத் தரச் சொன்னேன். பழைய பெயின்ட்டை முழுவதும் நீக்கித்தான் அடிப்போம் என்றார்கள். பணம் முழுவதும் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் மாதம் பானெட் முழுக்க வெடிப்பு. வெயிலில் நிறுத்தியதால் வந்தது என்கிறார்கள்.

பதில்: படித்ததும் மனம் கனத்துப்போனது. நீங்கள் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள், அவர்கள்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. வெயிலில் நிற்பதற்காகத்தான் காருக்குப் பெயின்ட்டே அடிக்கிறோம். கமரோவும் ஜெனரல் மோட்டார்ஸ் கார்தான், அதன் பழைய பெயின்ட்டும் லேக்கர். லேக்கர் என்பது கரைப்பான் ஆவியாகிக் காய்வது. எத்தனை வருடம் ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடி கரையும். அதன் மேலேயே புதிய பெயின்ட்டை அடித்தால், புதியதன் தின்னர் கீழே இறங்கிப் பழையதை இளக்கும். கீழே அசைவதால் மேலே பிளக்கிறது.

உதிர்ந்த ஒரு சில்லை எடுத்து அதன் வெட்டு விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடுக்கடுக்காகப் பழைய நிறம் தெரிந்தால் அதுவே சாட்சி. கருவி வைத்து அளந்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். அவர்கள் போட்ட பெயின்ட்டின் பெயரை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பரப்பின் மேல் அடிக்கலாம், எதன் மேல் அடிக்கக் கூடாது என்று அந்த உற்பத்தியாளரின் தொழில்நுட்பத் தாளிலேயே இருக்கும். வேறொரு பெயின்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். இவ்வளவையும் இணைத்து, இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று தேதி போட்டுக் கடிதம் அனுப்புங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால் நுகர்வோர் வழக்குக்குப் போகத் தயங்காதீர்கள். போனில் மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: 1967 மஸ்டங் ஒன்றை நண்பன் சொன்னான் என்று வாங்கினேன். மாலை ஏழு மணிக்கு ஷெட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் பார்த்தால் பின்சக்கரத்துக்கு மேலே அலை அலையாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்கள்தானே?

பதில்: பட்டி இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்களா? நீங்கள் கேட்டதாகக்கூடக் கடிதத்தில் இல்லையே. சூரிய வெளிச்சத்தில் பார்க்காமல், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தைக்கூட வைத்துப் பார்க்காமல், கிட்டத்தட்ட அறுபது வயதுக் காருக்கு முழுப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். காந்தம் பிடிக்காத இடம் பட்டி. சக்கர வளைவு, கதவுக்குக் கீழே, டிக்கியின் அடித்தளம், இந்த மூன்றும் துரு முதலில் பிடிக்கும் இடங்கள். டிக்கிக் கம்பளத்தையாவது தூக்கிப் பார்த்தீர்களா? அடுத்த தடவை பகலில் போங்கள்.

கேள்வி: 1970 டாட்ஜ் சேலஞ்சரின் ஊதா நிறத்தைப் போட்டோவைக் காட்டிக் கலந்து வாங்கலாமா?

பதில்: கூடாது. முன் மட்கார்டின் உட்புறம், பானெட்டுக்கு அடியில் இருக்கும் சின்னத் தகட்டைப் பாருங்கள். எஃப்சி7 என்று இருந்தால் அது பிளம் கிரேஸி. அதே நிறத்துக்குப் பிளைமவுத் கார்களில் இன்-வயலட் என்று பெயர். குறியீட்டைச் சொல்லிக் கலக்கச் சொல்லி, ஒரு அட்டையில் அடித்து வெயிலில் பார்த்த பிறகு மீதியை வாங்குங்கள்.

கேள்வி: வீட்டு ஷெட்டிலேயே ஹார்டனர் கலந்த பெயின்ட் அடிக்கப்போகிறோம். தூசி முகமூடி இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது ஆஸ்துமா வரவழைக்கும். தூசி முகமூடி அதைத் தடுக்காது. அதற்கென்று உள்ள ஸ்ப்ரே அறைக்குப் போங்கள்.

கேள்வி: 9எச் செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது, ஆயுளுக்கும் பாலிஷ் வேண்டாம் என்கிறார்கள். நண்பனின் பழைய காருக்குப் பரிசாகப் போட்டுத் தரலாமா?

பதில்: இந்த 9எச்-ஐப் பற்றிப் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் விடமாட்டேன். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10, நீலக்கல் 9. 9எச் என்றதும் வாங்குபவர் மனதில் அந்த 9 வந்துவிடுகிறது. விற்பவரும் திருத்துவதில்லை. உண்மையில் எச் என்பது பென்சில். நீங்கள் பள்ளியில் வைத்திருந்த எச்பி, 2எச் பென்சில் வரிசையில் கடைசியில் இருப்பது 9எச். சோதனை என்னவென்றால், பென்சிலை 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு பூச்சின் மேல் தள்ளுவார்கள். கீறல் விழவில்லையென்றால் தேர்ச்சி. பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும். கார் கழுவும் துணியில் சிக்கும் மணல் குவார்ட்ஸ், மோஸ் அளவில் 7. பென்சிலுக்குத் தாங்கியது மணலுக்கும் தாங்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தப் பூச்சின் கனமோ சில மைக்ரான்தான். கீழே இருப்பது மென்மையான பழைய லேக்கர்.

நானும் ஒருமுறை பணம் கட்டினேன். இரண்டாம் மாதம் வெயிலில் சிலந்தி வலை போலக் கீறல்கள். ஆயுள் உத்தரவாதம் என்ற காகிதத்தைக் கொண்டுபோனால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே பணம் கொடுத்துப் பராமரித்தால்தான் செல்லும் என்று பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். பணம் கட்டிய பிறகுதான் அந்தக் காகிதத்தையே என் கையில் கொடுத்தார்கள். நீங்கள் முதலில் அதை வாங்கிப் படியுங்கள்.

தண்ணீர் வழிந்தோடும், அழுக்கு சீக்கிரம் போகும். செராமிக்கில் நிஜமாகக் கிடைப்பது அதுதான். அதற்கு அந்த விலை தகுமா என்று நீங்களே பாருங்கள். ஐம்பது வருட லேக்கருக்கு நான் வேக்ஸ்தான் போடுவேன்.

கேள்வி: பாலிஷ் போட்டுத் தந்தபோது சுழல் கீறல் ஒன்றுகூட இல்லை. இரண்டு முறை கழுவியதும் எல்லாம் திரும்பிவிட்டது. நான் கழுவிய விதம் தவறா?

பதில்: தவறு உங்களுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. கீறலை எடுக்காமல், எண்ணெயும் ஃபில்லரும் வைத்து நிரப்பியிருக்கிறார்கள். கிளியர் கோட் என்றால், பணம் கொடுக்கும் முன் தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு கையகல இடத்தைத் துடைத்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள். லேக்கர் என்றால் ஆல்கஹால் வேண்டாம், கார் ஷாம்பூ போட்டுக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பனின் காரில் பாலிஷ் போடும்போது பெயின்ட் போய்விட்டால் யார் பொறுப்பு?

பதில்: நீங்கள்தான். அதனால் ஆரம்பிக்கும் முன் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு பாகமாக அளந்து, எண்ணை மேஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிப் படம் எடுங்கள். எண் குறைவாக வரும் பாகத்தை மெஷின் போடலாமா, கையோடு நிறுத்தலாமா என்பதை அவர் சொல்லட்டும்.