புதினா வகைகளுக்குள்ளேயே மணம் மாறுபடுவது ஏன்? ஒரு மணத்துக்கு ஒரு மரபணு என்று சொல்லலாமா?

அப்படிச் சொல்ல முடியாது. மரபணுவில் இருப்பது ஒரு நொதியைக் கட்டுவதற்கான குறிப்பு. மணப்பொருளை உண்டாக்குவது அந்த நொதி. பெரும்பாலான மணங்களுக்குப் பின்னால் பல நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. ஆயினும் அந்த வரிசையில் ஒரேயோர் இடம் மாறினாலும் மணம் வேறாகிவிடும் என்பதற்குப் புதினாவைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

பெப்பர்மின்ட், ஸ்பியர்மின்ட் என்னும் இரு புதினா வகைகளிலும் தொடக்கம் ஒன்றே. பத்துக் கார்பன் கொண்ட ஜெரனைல் டைபாஸ்பேட்டை லிமோனீன் சிந்தேஸ் என்னும் நொதி வளையமாக்கி லிமோனீனைத் தருகிறது. அடுத்து, அதில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்கும் சைட்டோகுரோம் பி450 வகை நொதி வருகிறது; பாதை பிரிவது இங்கேதான். ஸ்பியர்மின்ட்டின் நொதி ஆக்சிஜனை 6ஆம் கார்பனில் சேர்ப்பதால் அடுத்த படியிலேயே அதன் மணப்பொருளான கார்வோன் கிடைக்கிறது. பெப்பர்மின்ட்டின் நொதி அதை 3ஆம் கார்பனில் சேர்க்கிறது. பிறகு இன்னும் பல படிகள் கடந்துதான் அதன் மணப்பொருளான மென்தால் உருவாகிறது. ஸ்பியர்மின்ட் நொதியின் 363ஆம் இடத்திலுள்ள ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை ஐசோலூசின் என்னும் வேறோர் அமினோ அமிலமாக மாற்றியபோது, அது பெப்பர்மின்ட் நொதியைப் போலவே 3ஆம் கார்பனுக்குத் திரும்பியதாக 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஏறத்தாழ ஐந்நூறு அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் மாறியது ஒன்றே ஒன்று! இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

மரபணு எங்கே, எப்போது இயங்குகிறது என்பதும் முக்கியம். பெப்பர்மின்ட் இலையை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் பளபளக்கும் சிறு உருண்டைகள் தெரியும். அவை எட்டுச் சுரப்புச் செல்கள் கொண்ட சுரப்பிகள். செல்களுக்கு மேலுள்ள மெல்லிய உறைக்கு அடியில் எண்ணெய் தேங்கியிருக்கும், இலையைக் கசக்கும்போது அந்த உறை கிழிவதால்தான் மணம் எழுகிறது. இலை முதிர முதிர, அதிலுள்ள மென்தோனை (மென்தாலுக்கு முந்தைய படியிலுள்ள பொருள்) ஒரு ரிடக்டேஸ் நொதி மென்தாலாக மாற்றுகிறது; எனவே அறுவடை செய்யும் பருவத்தைப் பொறுத்தும் எண்ணெயின் தன்மை மாறும்.

துளசியின் மணப்பொருளான யூஜெனாலோ முற்றிலும் வேறு பாதையில் வருவது. அதன் மூலப்பொருள் ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம். அதிலிருந்து படிப்படியாகக் கோனிஃபெரைல் அசிட்டேட் உருவாக, யூஜெனால் சிந்தேஸ் அதை யூஜெனாலாக்குகிறது. அதன்மேல் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றும் நொதியும் வலுவாக இயங்கும் செடியில் மெத்தில் யூஜெனால் மிகும். துளசிச் செடிகளுக்குள்ளும் மணம் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.