ஓட்டை விழுந்த மூளையும் ஒரு தாயின் கேள்வியும்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டாம் தடவை தோற்ற இருக்கிறான். ஒரு வருடத்துக்கு மேலாகக் கஞ்சா புகைக்கிறான் என்பது அண்மையில்தான் எமக்குத் தெரியவந்தது. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிவர நான்கு சாமான் சொல்லி அனுப்பினால் இரண்டோடு வருகிறான். கஞ்சா புகைத்தவரின் மூளையில் ஓட்டைகள் விழுந்திருப்பதாக ஒரு ஸ்கான் படத்தை உறவினர் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மகனுக்கும் ஸ்கான் எடுத்தால் ஞாபகசக்தி எவ்வளவு பழுதடைந்துள்ளது என்று தெரியுமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, முதலில் அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்படுவதை விடுங்கள். மூளைக்குள் குருதி எங்கெங்கே எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் ஒருவகை ஸ்கானில், குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே குருதியோட்டம் உள்ள இடங்களைக் கணினி வரையாமல் விட்டுவிடுவதால், அவ்விடங்கள் பள்ளம்போலத் தெரிகின்றன. அந்த அளவை உயர்த்தினால் ஆரோக்கியமானவரின் மூளையிலும் பள்ளங்கள் தோன்றும். உண்மையிலேயே அத்தனை ஓட்டைகள் இருந்திருந்தால் அவர் நடந்து வந்து ஸ்கான் மேசையில் படுத்திருக்கமாட்டார்.

ஆனால் சந்தைக் கதையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு விடயத்தை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே வேறொன்றைச் செய்யும் ஆற்றலைச் செயற்படு நினைவு என்கிறோம். கஞ்சா ஆய்வுகளில் அதிகம் அடிபடுவதும் அதுதான். அமெரிக்காவில் 22 முதல் 36 வயது வரையான 1003 பேரின் ஸ்கான்களை ஆராய்ந்து 2025 ஜனவரியில் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு முகங்கள், இடங்கள், கருவிகள் என்று படங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. இப்போது தெரிவது இரண்டு படங்களுக்கு முன் வந்ததுதானா என்று அவர் பொத்தானை அழுத்திச் சொல்லவேண்டும். அவ்வேளையில் மூளையின் எப்பகுதி கூடுதலாக வேலைசெய்கிறது என்பதைக் குருதியிலுள்ள ஒட்சிசன் மாற்றத்தைக் கொண்டு இயந்திரம் கணிக்கிறது. வாழ்நாளில் 1000 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்தவர்களில் 63 சதவீதமானோரிடம் அந்த வேலையின்போது மூளைச் செயற்பாடு குறைந்திருந்தது. பரிசோதித்த 7 வகைப் பணிகளில் தெளிவான வேறுபாடு தெரிந்தது இதில் மட்டுமே.

இதற்கு ஒரு காரணமும் சொல்லலாம். கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்ற பொருள் மூளையிலுள்ள சி.பி.1 வாங்கிகளை, அதாவது இத்தகைய பொருட்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை, பற்றிக்கொள்கிறது. புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் அவை நெருக்கமாக உள்ளன. நாளாந்தம் புகைப்பவர்களில் மூளையின் மேற்பட்டைப் பகுதிகளில் இந்த வாங்கிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்ததையும், ஏறக்குறைய நான்கு வாரங்கள் நிறுத்தியதும் அங்கே வழமைக்குத் திரும்பியதையும் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. என் கணிப்பில் உங்கள் மகனிடம் சொல்லவேண்டிய செய்தி இதுதான். ஓட்டைப் படத்தைக் காட்டினால் அவன் சிரித்துவிட்டுப் போவான்.

இனி ஸ்கான். மேற்சொன்னவை எல்லாம் பலரின் சராசரியை ஒப்பிட்டுக் கண்டவை. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து, இவருடைய ஞாபகசக்தி இவ்வளவு குறைந்துவிட்டது, அதற்குக் கஞ்சாவே காரணம் என்று எந்த வைத்தியராலும் எழுதித்தர முடியாது. கஞ்சா பாவிக்கும் பலர் மதுவும் அருந்துவதால் ஆய்வாளர்களே இடறியிருக்கிறார்கள்: 2015இல் ஓர் ஆய்வு மதுப்பழக்கத்தில் ஒத்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாளாந்தம் கஞ்சா பாவிப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மூளையின் வடிவத்திலும் பருமனிலும் வேறுபாடு காணப்படவில்லை. வலிப்பு, தலையில் அடி, விடாத தலைவலி போன்றவை இருந்தால் ஸ்கான் எடுப்பதைப் பற்றி வைத்தியர் தீர்மானிப்பார். மற்றும்படி அந்தப் பணத்தைச் செலவழிக்கவேண்டாம்.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் உள்ளன. மகன் சம்மதித்தால் அழைத்துச் செல்லுங்கள். கிழமையில் எத்தனை நாள், எந்த வயதில் தொடங்கினான், நித்திரை எப்படி, மாவா (பாக்கு, புகையிலை கலந்த போதைப்பொருள்), மது, மாத்திரை ஏதும் சேர்கிறதா என்பதை அவனே வைத்தியரிடம் தனியாகச் சொல்ல விடுங்கள். ‘ஐஸ்’ என்ற சொல் எங்காவது காதில் விழுந்திருந்தால் தாமதிக்கவேண்டாம். அது மெதம்பெற்றமைன் என்ற வேறொரு போதைப்பொருள், கஞ்சாவைப் பற்றி மேலே சொன்ன நான்கு வாரக் கணக்கு அதற்குப் பொருந்தாது.